ஹேமக்குக்கு எத்தனை வயசு?

வீக்கெண்ட் டிரிப் பத்திப் பேசும்போதெல்லாம் உங்ககிட்ட இருந்து திரும்பத் திரும்ப வர்ற ஒரு கேள்வியை இன்னைக்கு முழுசா எடுத்துக்கலாம்னு இருக்கேன். "ப்ரோ, ஒரு கேம்பிங் ஹேமக் எத்தனை வருஷம் வரும்?"

வருஷக் கணக்குல பதில் சொன்னா அது உங்களை ஏமாத்துற பதிலாத்தான் இருக்கும். ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே கம்பெனி ஹேமக்கை ரெண்டு பேர் வாங்குறாங்கன்னு வெச்சுக்கோங்க. ஒருத்தர் மாசம் ஒரு டிரிப் போய், படுத்து எழுந்ததும் அவிழ்த்து உலர்த்தி மடிச்சு வைக்கிறார். இன்னொருத்தர் பால்கனியில் கட்டி, அப்படியே விட்டுடறார். முதல் ஆளோட ஹேமக் பல வருஷம் உழைக்கும். ரெண்டாவது ஆளோடது ஓரிரு கோடையிலேயே நம்ப முடியாத நிலைக்கு வந்துடும். பில்லில் இருக்கிற தேதி ரெண்டுக்கும் ஒண்ணுதான். அதனால வயசைக் காலண்டர்ல பார்க்காம, எத்தனை மணி நேரம் வெயில் பட்டுச்சு, எங்கெங்கே உரசுச்சு, எந்தக் கோணத்துல கட்டினோம்னு பார்க்கணும். இன்னைக்கு எபிசோட் இந்த மூணும்தான். கடைசியில் பழைய ஹேமக்கை என்ன பண்றதுன்னு ஒரு விஷயம் இருக்கு. அதுக்காகவாவது முழுசா கேளுங்க.

இதுக்கு ஒரு முழு எபிசோடான்னு கேட்கலாம். டென்ட் கிழிஞ்சா நனைவோம். ஸ்லீப்பிங் பேக் ஜிப் போனா குளிரும். ஹேமக் அறுந்தா கீழே விழுவோம், அதுவும் மல்லாக்க. கை ஊன்ற நேரம் இருக்காது. தரையில் மோதுவது இடுப்பு, முதுகுத்தண்டு, பின்மண்டை. கீழே புல் இருந்தா அதிர்ஷ்டம். மலையில் பெரும்பாலும் கல்லும் வேரும்தான் இருக்கும். கொல்லிமலைன்னா 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைன்னா 40. ராத்திரி ரெண்டு மணிக்கு முதுகுல அடிபட்ட நண்பனோட அத்தனை வளைவும் இறங்கி வர்றதை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. ஆயிரம், ரெண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கின ஒரு துணியோட ஆயுளைப் பத்தி அரை மணி நேரம் பேசுறது அதிகமில்லைன்னு தோணும்.

நாலு பாகம், ஒரே பாரம்

ஹேமக்னா நாம பார்க்கிறது துணியை மட்டும்தான். உண்மையில் நாலு பாகம் இருக்கு. ஒண்ணு, துணி. ரெண்டு, துணியை ரெண்டு முனையிலும் சுருக்கிக் கட்டியிருக்கிற கயிறு வளையம். மூணு, காராபினர், அதாவது கொக்கி மாதிரி திறந்து மூடுற அலுமினிய வளையம். நாலு, மரத்தைச் சுத்தி வர்ற ஸ்ட்ராப். இந்த நாலும் வரிசையா ஒரே பாரத்தைத் தாங்குது. நாலில் எது ரொம்பத் தேஞ்சிருக்கோ, அதோட பலம்தான் மொத்த ஹேமக்கோட பலம். துணி புதுசு மாதிரி பளபளன்னு இருந்தாலும், கயிறு வளையம் தேஞ்சிருந்தா நீங்க படுத்திருக்கிறது அந்தத் தேஞ்ச கயிறை நம்பித்தான்.

ஒழுங்கா பார்த்துக்கிற ஹேமக்ல துணி பெரும்பாலும் கடைசியில்தான் போகும். முதல்ல தேய்றது கயிறு வளையமும் ஸ்ட்ராப்பும். ஒவ்வொரு தடவை கட்டும்போதும் உரசுறது அவைதான். அதனால ஸ்ட்ராப், கயிறு ரெண்டையும் செருப்பு மாதிரி நினைச்சுக்கோங்க. தேஞ்சா மாத்த வேண்டிய பொருள். துணி நல்லா இருக்கும்போது ஸ்ட்ராப்பை மட்டும் புதுசா வாங்கிப் போடறது வீண் செலவில்லை.

வெயில்: சத்தம் போடாத எதிரி

பெரும்பாலான கேம்பிங் ஹேமக் நைலான் துணியில் வருது. சிலது பாலியஸ்டர். ரெண்டுமே பாலிமர், அதாவது நீளமான மூலக்கூறு சங்கிலிகளால் ஆன நார். சூரிய ஒளியில் இருக்கிற புற ஊதாக் கதிர் அந்தச் சங்கிலிகளை அங்கங்கே வெட்டிக்கிட்டே இருக்கும். சங்கிலி குட்டையாக ஆக, நூலின் பலம் குறையும். இதுல மோசம் என்னன்னா, ஓரளவுக்குப் பலம் போன பிறகும் துணி பார்க்க அப்படியேதான் இருக்கும். நம்ம பாஷையில் சொன்னா, எந்த அலர்ட்டும் வராம பின்னாடி டிஸ்க் நிரம்பிக்கிட்டே இருக்கிற சர்வர் மாதிரி. ஒரு நாள் மொத்தமா நிக்கும்.

பாலியஸ்டர் வெயிலை நைலானைவிடக் கொஞ்சம் நல்லா தாங்கும். ஆனா எதுவும் தப்பிக்காது. நூல் மெல்லிசா இருக்க இருக்க வேகமா பாதிக்கும். இங்கே டெனியர்னு ஒரு அளவு கேள்விப்பட்டிருப்பீங்க. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ, அதுதான் அந்த நூலின் டெனியர். 70 டெனியர் துணி கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கும். 20, 30 டெனியர் துணி உள்ளங்கையில் அடங்கும், பேக்கில் எடையே தெரியாது. ஆனா அந்த லேசுக்கு ஒரு விலை உண்டு. வெயிலுக்கும் உரசலுக்கும் அது சீக்கிரம் பணிஞ்சு போகும். எடை குறைஞ்ச ஹேமக் வாங்குறவங்க அதைக் கூடுதல் கவனமா பார்த்துக்கணும்னு தெரிஞ்சே வாங்கணும்.

நம்ம ஊர் வெயில் பத்திச் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் கோடை நண்பகலில் யுவி குறியீடு 10-ஐத் தாண்டுறது சாதாரணம். 11-க்கு மேல போனா உலக சுகாதார நிறுவனம் அதை உச்சபட்சப் பிரிவுல வைக்குது. "நான் கொடைக்கானல்தானே போறேன், அங்கே குளிர்தானே"ன்னு நினைச்சா, அங்கேதான் சிக்கல். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர். குளிரில் வெயில் நமக்கு இதமா இருக்கும், துணிக்கு இன்னும் கடுமையா இருக்கும்.

அதனால முதல் பழக்கம்: படுத்து எழுந்ததும் அவிழ்த்து வையுங்க. நிழல் இருக்கிற மரமா பார்த்துக் கட்டுங்க. பால்கனியில், மொட்டை மாடியில் நிரந்தரமா தொங்க விடாதீங்க. வீட்டில் தினமும் ஆட ஆசையா இருந்தா, அதுக்குத் தனியா ஒரு தடிமனான ஹேமக் வெச்சுக்கோங்க. காட்டுக்கு எடுத்துப் போறதை அதுக்குப் பயன்படுத்தாதீங்க.

லாமி தியரம் ஞாபகம் இருக்கா?

எஞ்சினியரிங் படிச்சவங்களுக்கு ஃபர்ஸ்ட் இயர்ல எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ் இருந்திருக்கும். ஒரு புள்ளியில் மூணு விசை சமநிலையில் இருந்தா என்ன ஆகும்னு லாமி தியரம் வெச்சுக் கணக்குப் போட்டிருப்போம். எக்ஸாம் முடிஞ்சதும் மறந்துட்டோம். ஹேமக் கட்டும்போது அதே கணக்கு திரும்ப வருது.

படிக்காதவங்களும் கவலைப்படாதீங்க, ரெண்டு நிமிஷம்தான். நீங்க 70 கிலோ. ஸ்ட்ராப், கிடைமட்டக் கோட்டிலிருந்து 30 டிகிரி சரிவுல இருந்தா, ஒவ்வொரு பக்க ஸ்ட்ராப்பிலும் விழுற இழுவிசை சரியா உங்க எடை அளவு, அதாவது 70 கிலோ. ரெண்டு பக்கமும் பாதிப் பாதி, 35 கிலோன்னு நினைச்சிருப்பீங்க. இல்லை. கயிறு சாய்வா இருக்கிறதால அது உங்களை மேலே தூக்குறதோட பக்கவாட்டிலும் இழுத்துக்கிட்டு இருக்கு.

இப்போ அதே ஸ்ட்ராப்பை இன்னும் இறுக்கி, 10 டிகிரிக்குக் கொண்டு வாங்க. இழுவிசை ஒரு பக்கத்துக்கு சுமார் 200 கிலோ. இன்னும் விறைப்பா, 5 டிகிரி? சுமார் 400 கிலோ. ஆள் அதே ஆள்தான், ஒரு இட்லிகூட கூடுதலா சாப்பிடலை. கட்டின விதம் மட்டும்தான் மாறியிருக்கு. இதெல்லாம் அசையாம படுத்திருக்கும்போது. பொத்துன்னு உட்கார்ந்தா இதுக்கு மேலயும் போகும்.

பெட்டியில் "200 கிலோ தாங்கும்"னு பெரிய எழுத்துல போட்டிருப்பாங்க. எந்தக் கோணத்துக்கு 200 கிலோன்னு பெரும்பாலும் போட்டிருக்காது. அதனால "நான் ஒல்லிதானே"ன்னு நிம்மதியா இருக்க முடியாது. விறைப்பா கட்டுற பழக்கம் உள்ள 60 கிலோ ஆள், தொய்வா கட்டுற 90 கிலோ ஆளைவிட சீக்கிரம் ஹேமக்கைக் கொல்வார்.

30 டிகிரியை எப்படி அளக்கிறது? கையைத் துப்பாக்கி மாதிரி வையுங்க. ஆள்காட்டி விரல் கிடைமட்டமா, கட்டைவிரல் நேரா மேலே. ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து கட்டைவிரல் நுனிக்கு ஒரு கோடு இழுத்ததா நினைச்சுக்கோங்க. உங்க ஸ்ட்ராப்போட சரிவு கிட்டத்தட்ட அந்தக் கோடு மாதிரி இருந்தா போதும்.

இன்னும் சுலபமான வழி ரிட்ஜ்லைன். ஹேமக்கின் ரெண்டு முனைக்கும் நடுவில், மேலே நீளாத ஒரு மெல்லிய கயிறு. ஹேமக் நீளத்தில் சுமார் 83 சதவீத நீளத்தில் அதைக் கட்டுவாங்க. 3 மீட்டர் ஹேமக்னா 2.5 மீட்டர் கயிறு. மரங்களுக்கு நடுவுல இருக்கிற தூரம் எப்படி மாறினாலும் உங்க தொய்வு ஒரே மாதிரி இருக்கும். படுத்த பிறகு ரெண்டு விரலால் அந்தக் கயிறை வளைக்க முடிஞ்சா சரியா கட்டியிருக்கீங்க. வீணைக் கம்பி மாதிரி விறைப்பா இருந்தா, இறங்கி ஸ்ட்ராப்பைத் தளர்த்துங்க.

இந்தப் பக்கவாட்டு இழுவைதான் எங்கே கட்டலாம்ங்கிறதையும் முடிவு பண்ணும். செங்கல் தூண் மேலிருந்து வர்ற பாரத்தைத் தாங்கக் கட்டினது. பக்கவாட்டில் இழுக்க அது கட்டப்படலை. அமெரிக்காவில் செங்கல் தூணில் கட்டின ஹேமக், தூணையே சாய்ச்சு உயிர்ப்பலி வாங்கியிருக்கு. மொட்டை மாடி கைப்பிடிச் சுவர், கேட் தூண், தண்ணி டேங்க் வெச்சிருக்கிற ஒத்தைச் செங்கல் தூண் பக்கமெல்லாம் போகவே போகாதீங்க.

மரத்திலயும் ஆள் பார்த்துப் பழகணும். பட்ட மரம் வேண்டாம். முருங்கை வேண்டவே வேண்டாம், அது எப்படிப் படக்குன்னு முறியும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். தென்னை பலமானதுதான், ஆனா தேங்காயும் மட்டையும் உங்ககிட்ட சொல்லிட்டு விழாது. ஏற்காடு காபி எஸ்டேட்ல சில்வர் ஓக் மரம் ஹேமக்குன்னே வளர்ந்த மாதிரி நேரா நிக்கும். ஆனா அதுல மிளகுக் கொடி படர்ந்திருந்தா அது ஒருத்தரோட வருமானம். கொடி இல்லாத மரமா பார்த்து, எஸ்டேட்காரர்கிட்ட கேட்டுட்டுக் கட்டுங்க. காப்புக் காடுன்னா வனத்துறை அனுமதி இல்லாம தங்கக் கூடாது, அது தனிக்கதை.

உரசல், சூடு, ஓட்டை

அடுத்தது உராய்வு. ஸ்ட்ராப் குறைஞ்சது 2.5 சென்டிமீட்டர் அகலம் இருக்கணும். மெல்லிசான கயிறை நேரா மரத்துல சுத்தினா பட்டைக்குள்ள போய் அறுக்கும். பட்டைக்குக் கீழேதான் மரத்தோட உயிருள்ள அடுக்கு இருக்கு. மரத்துக்கும் கெடுதல், கயிறுக்கும் கெடுதல். சவுக்கு, புளி மாதிரி சொரசொரப்பான மரத்துல ஸ்ட்ராப்பைக் கட்டிட்டு இழுத்து இழுத்து மேலே கீழே நகர்த்தாதீங்க. தளர்த்தி, தூக்கி, மறுபடி வையுங்க.

ஸ்ட்ராப் பாலியஸ்டர்ல இருந்தா நல்லது. நைலான் ஸ்ட்ராப் பாரம் ஏறினா நீளும், நனைஞ்சா இன்னும் நீளும். ராத்திரி முழங்கால் உயரத்துல படுத்த ஆள், விடியும்போது முதுகு தரையைத் தொட எழுந்திருப்பார்.

கயிறு வளையம் சில ஹேமக்ல டைனீமால வரும். எடைக்கு எடை பார்த்தா எஃகைவிட பலமான நார். ஆனா அதுக்கு ரெண்டு குணம் உண்டு. ஒண்ணு, வழவழப்பு. சாதாரண முடிச்சு போட்டா நழுவும். அதனாலதான் அதை முடிச்சு போடாம, ஒரு முனையை இன்னொண்ணுக்குள் நுழைச்சு இணைச்சிருப்பாங்க. அதைப் பிரிச்சு நீங்களா முடிச்சு போடாதீங்க. ரெண்டாவது, சூடு. நைலான், பாலியஸ்டர் எல்லாம் 200 டிகிரிக்கு மேலதான் உருகும். டைனீமா சுமார் 145 டிகிரியிலேயே உருகிடும். கயிறுமேல கயிறு வேகமா உரசினாலே சூடு பிறக்கும். டைனீமா வளையத்து மேல இன்னொரு கயிறு ஓடுற மாதிரி ஒருபோதும் கட்டாதீங்க.

துணிக்கு வர்ற ஓட்டையெல்லாம் பெரும்பாலும் நம்ம உடம்புல இருந்துதான் வருது. ஜீன்ஸோட பின்பக்க ரிவெட், பெல்ட் பக்கிள், பாக்கெட்ல இருக்கிற பைக் சாவி, ஷூ. ஏறுறதுக்கு முன்னாடி பாக்கெட்டைக் காலி பண்ணுங்க, ஷூவைக் கழட்டுங்க. இன்னொண்ணு, கொசுவர்த்தி. ஹேமக்குக்கு நேர் கீழே சுருளை ஏத்தி வெச்சுட்டுப் படுக்கிறவங்க நிறைய. கை தொங்கினா, துணி தாழ்ந்தா, ஒரு நொடி போதும். கேம்ப் ஃபயர் பொறியும் அப்படித்தான். நைலான் உருகினா சின்னதா, ஓரம் கட்டியான ஒரு ஓட்டை விழும். பார்க்கக் குண்டூசி முனை மாதிரி இருக்கும், பாரம் ஏறும்போது அங்கிருந்துதான் கிழிசல் கிளம்பும்.

துணியில் சின்னச் சின்னக் கட்டம் தெரியுதுன்னா அது ரிப்ஸ்டாப். சில மில்லிமீட்டருக்கு ஒரு தடவை கொஞ்சம் தடிமனான நூலை ஓட்டியிருப்பாங்க. கிழிசல் அந்த நூல் வரைக்கும் வந்து நிக்கும்னு நம்பிக்கை. கிழிசலை அது தாமதப்படுத்தும். சிரஞ்சீவி வரமெல்லாம் கிடையாது.

உப்பு, ஈரம், ஆசிட்

ஈசிஆர் பக்கம் சவுக்குத் தோப்புல கட்டிட்டு வர்றீங்கன்னா, மணலும் உப்பும் கூடவே வரும். உப்பு காய்ஞ்சா துகளாகும். அந்தத் துகள் நூலுக்கு நூல் நடுவுல உட்கார்ந்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில் அலசணும். ஸ்ட்ராப்பையும் சேர்த்து.

ஈரம் வேற மாதிரி வேலை செய்யும். நைலான் தண்ணியை உறிஞ்சும், நனைஞ்ச நிலையில் பலமும் கொஞ்சம் குறையும், காய்ஞ்சா திரும்ப வந்துடும். அதுல பயமில்லை. பயம், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஈரமா சுருட்டிப் பையில் திணிச்சு, அடுத்த டிரிப் வரைக்கும் அலமாரியில் போடுறதுல. பூஞ்சை வரும், நாத்தம் வரும். பருத்தி ஹேமக்னா பூஞ்சை நாரையே தின்னும். நைலானை அது அப்படித் தின்னாது, ஆனா கறையும் நாத்தமும் லேசில் போகாது. மேலே மழைக்குக் கட்டுற டார்ப், பாலியூரிதேன் பூச்சு உள்ளதா இருந்தா, ஈரத்துல அந்தப் பூச்சே பிசுபிசுன்னு கரைய ஆரம்பிச்சுடும். ஐப்பசி, கார்த்திகையில் டிரிப் போனா, வந்த அன்னைக்கே ஃபேனுக்குக் கீழே விரிச்சுப் போடுங்க. மறுநாள்னு தள்ளாதீங்க.

மூணாவது, கெமிக்கல். இது பலருக்குத் தெரியாது. நைலானுக்கு ஆசிட் ஆகாது. பாத்ரூம் கழுவுற ஆசிட், டாய்லெட் கிளீனர், வண்டி பேட்டரி ஆசிட், எதோட சொட்டு பட்டாலும் அந்த இடம் பலம் இழக்கும். சில சமயம் கண்ணுக்கே தெரியாது. நாம ஹேமக்கைத் துவைக்கிறது எங்கே? பாத்ரூம்ல, ஆசிட் பாட்டில் இருக்கிற அதே மூலையில், அதைக் கழுவின அதே பக்கெட்டுல. தனி பக்கெட் எடுங்க. டிரிப் போகும்போது கார் டிக்கியில் பேட்டரி பக்கத்துல ஹேமக்கைப் போடாதீங்க. ப்ளீச் எந்த ஹேமக்குக்கும் வேண்டாம்.

துவைக்கிறது எப்படி

அடிக்கடி துவைக்கத் தேவையில்லை. உப்பு, மண், வியர்வை சேர்ந்தா துவைங்க. காராபினரைக் கழட்டுங்க. பச்சைத் தண்ணியில் லேசான லிக்விட் சோப், பத்து நிமிஷம் ஊறல், கையால மெதுவா அழுத்தி எடுக்கணும். கல்லுல அடிக்கக் கூடாது, பிரஷ் போடக் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது. ஃபேப்ரிக் சாஃப்ட்னர் வேண்டாம். நுரை போகும் வரைக்கும் அலசுங்க. டிரையர் வேண்டாம், அயர்ன் பாக்ஸ் கிட்டவே வேண்டாம். நிழல்ல கொடியில் போட்டா மெல்லிய நைலான் மடமடன்னு காய்ஞ்சுடும். "நல்லா வெயில்ல காயட்டும்"ங்கிற நம்ம வீட்டுப் பாசம் இங்கே உதவாது.

முழுசா காய்ஞ்ச பிறகு, காத்து போற துணிப்பையில் தளர்வா வையுங்க. எலி வராத இடமா பாருங்க. தின்பண்ட வாசனை பட்ட துணின்னா எலிக்கு விருந்துதான்.

ஒரு நிமிஷச் சோதனை

தூளி கட்டின பாட்டிகளைப் பார்த்திருக்கீங்களா? பழைய பருத்திச் சேலையை உத்தரத்துல கட்டினதும் குழந்தையை உடனே போட மாட்டாங்க. முதல்ல ரெண்டு கையாலயும் பிடிச்சு, தன் எடையையே அதுல போட்டு இழுத்துப் பார்ப்பாங்க. முடிச்சைத் தொட்டுப் பார்ப்பாங்க. அப்புறம்தான் குழந்தை. நமக்கு வேண்டியது அதே ஒரு நிமிஷம்.

ஒவ்வொரு தடவை கட்டும்போதும்: ஸ்ட்ராப்பை முழு நீளமும் விரல்ல ஓட விடுங்க. கண்ணைவிட விரல் நல்லா கண்டுபிடிக்கும். பிசிறு, வெட்டு, தையல் விட்ட இடம், பளபளன்னு உருகிக் கெட்டியான இடம், இதுல எது இருந்தாலும் அன்னைக்கு அந்த ஸ்ட்ராப் வேண்டாம். கயிறு வளையத்துல காராபினர் உட்கார்ற அந்த ஒரு இடத்தைப் பாருங்க. ரொம்ப பஞ்சு பஞ்சா இருந்தா மாத்துங்க. காராபினரோட உள்பக்கம் விரல் வெச்சுத் தடவுங்க. சொரசொரப்பு இருந்தா அது கயிறை ரம்பம் மாதிரி அறுக்கும். சாவிக்கொத்துல மாட்டுற அலங்காரக் காராபினர் ஹேமக்குக்கு ஆகவே ஆகாது.

ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, பதினஞ்சு நிமிஷம்: ஜன்னல் பக்கம் துணியை விரிச்சுப் பிடிச்சு வெளிச்சத்துல பாருங்க. ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிஞ்சா ஓட்டை. நெசவு நகர்ந்து கோடு கோடா தெரிஞ்சா, அங்கே நூல் விலகுது. ரெண்டு முனையிலும் துணி சுருங்குற இடத்துலதான் பாரம் குவியும், அங்கே தையலை ஒவ்வொண்ணா பாருங்க. எப்பவும் மடிச்சே இருக்கிற உள்பகுதியோட நிறத்தையும் வெளியே வெயில் பட்ட பகுதியோட நிறத்தையும் ஒப்பிடுங்க. நல்லா வெளுத்திருந்தா, தடவினா மாவு மாதிரி ஒட்டினா, துணி விறைப்பா காகிதம் மாதிரி சத்தம் போட்டா, அதோட காலம் முடிஞ்சது. தேதியை ஃபோன்ல ஒரு நோட்டா போட்டு வையுங்க: எப்போ வாங்கினது, எத்தனை ராத்திரி, எப்போ ஸ்ட்ராப் மாத்தினது. நாம எழுதுற எல்லாத்துக்கும் லாக் வெக்கிறோம், நம்ம முதுகுக்கு வெக்கக் கூடாதா?

தைக்கலாமா, ஒட்டலாமான்னு கேட்பீங்க. கொசுவலையில், டார்ப்ல ஓட்டைன்னா தாராளமா ரிப்பேர் டேப் ஒட்டுங்க. படுக்கிற துணியில், நடுப்பகுதியில் ஒரே ஒரு ஊசித்துளைன்னா டேப் ஒட்டி, ஒவ்வொரு தடவையும் அது பெரிசாகுதான்னு கண்காணிக்கலாம். கிழிசல், முனைக்குப் பக்கத்துல ஓட்டை, தையல் விட்டது, இதுல எதுவா இருந்தாலும் அந்தத் துணியில் படுக்காதீங்க. மலையேற்றக் கருவி செய்யும் பல நிறுவனங்கள், பயன்படுத்தாம வெச்சிருந்தாலும் துணி, கயிறு வகைக்கு 10 வருஷம்தான் உச்ச வரம்புன்னு சொல்றாங்க. ஹேமக்குக்கு அப்படி ஒரு சட்டமில்லை. ஆனா 10 வருஷம் ஆன ஸ்ட்ராப்பை நம்பிப் படுக்க ஒரு காரணமும் இல்லை.

எல்லாம் சரியா இருந்தாலும் ஒரு விதி: உட்கார்ந்தா தொடை உயரம், சுமார் 45 சென்டிமீட்டர். அதுக்கு மேல தேவையில்லை. எந்த உயரத்திலிருந்து விழ நீங்க தயாரோ, அதுக்கு மேல கட்டாதீங்க. முதல்ல மெதுவா உட்காருங்க, ரெண்டு தடவை எடையைப் போட்டுப் பாருங்க, அப்புறம் காலைத் தூக்குங்க. ஒண்ணுக்கு மேல ஒண்ணா அடுக்கு ஹேமக் கட்டிப் படம் எடுக்கிறது ரீல்ஸ்ல நல்லாத்தான் இருக்கும். மேல இருக்கிறவர் அறுந்தா கீழ இருக்கிறவரும் சேர்ந்து போவார்.

பழசை யாருக்குக் கொடுக்கிறோம்?

முன்னாடி சொன்ன விஷயத்துக்கு வரேன். நம்ம வீடுகளில் எதையும் தூக்கிப் போட மனசு வராது. நல்ல குணம்தான். பழைய சட்டை, பழைய ஃபோன், பழைய சைக்கிள், எல்லாம் யாருக்காவது போகும். அப்படித்தான் பழைய ஹேமக்கும் போகுது. நாம புதுசு வாங்கினதும், பழசை அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணாவுக்கோ வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கோ கொடுத்துடறோம். "பசங்க ஆடட்டும்"னு ஒரு நல்ல எண்ணத்துல.

நீங்க ஏன் புதுசு வாங்கினீங்க? பழசுல படுக்கப் பயமா இருந்ததாலதானே? அந்தப் பயத்தை நீங்க எடுத்துக்கிட்டு, துணியை மட்டும் அவங்ககிட்ட கொடுத்திருக்கீங்க. அவங்களுக்கு அது வழவழன்னு, கலர் கலரா இருக்கிற நல்ல துணி. அதுல எத்தனை கோடை வெயில் ஏறியிருக்குன்னு அதுல எழுதியிருக்காது. அதைவிட, அது தூளியா மாறலாம். நைலான் மெத்துன்னு இருக்கு, பலமா இருக்கும்னு நினைச்சு யாரோ அதுல ஒரு கைக்குழந்தையைப் போடலாம். நான் இவ்வளவு நேரம் பேசினதே இந்த ஒரு இடத்துக்காகத்தான்.

அதனால: நல்ல நிலையில் இருக்கிற ஹேமக்கைக் கொடுக்கணும்னா தாராளமா கொடுங்க, புது ஸ்ட்ராப்போட கொடுங்க, எப்படிக் கட்டணும்னு நின்னு காட்டிட்டு வாங்க. காலம் முடிஞ்ச ஹேமக்னா, கத்தரிக்கோல் எடுத்து நடுவுல வெட்டுங்க. மலையேறுறவங்க ஓய்வு கொடுத்த கயிறை அப்படித்தான் துண்டு போடுவாங்க, வேற யாரும் தெரியாம எடுத்து நம்பிடக் கூடாதுன்னு. வெட்டின துணி வீணாகாது. ஷூ பை, காய்கறிப் பை, பேக் மழைக்கவர், டென்ட்டுக்குக் கீழே விரிப்பு, எல்லாத்துக்கும் ஆகும். தையல் கடையில் கொடுத்தா சின்னச் செலவுல முடிச்சுக் கொடுப்பாங்க. ஸ்ட்ராப்பையும் கயிறு வளையத்தையும் தனித்தனியா துண்டு போட்டுடுங்க. தேயாத காராபினர் மட்டும் அடுத்த ஹேமக்குக்கு வரலாம்.

இந்த வாரம் வீட்டுப்பாடம் ஒண்ணே ஒண்ணு. அலமாரியில் இருக்கிற உங்க ஹேமக்கை வெளியே எடுங்க. ஜன்னல் வெளிச்சத்துல விரிச்சுப் பாருங்க, ஸ்ட்ராப்பை விரல்ல ஓட விடுங்க. பதினஞ்சு நிமிஷம்தான். ஏற்கெனவே பழசை யாருக்காவது கொடுத்திருந்தீங்கன்னா, அவங்களைப் பார்க்கும்போது அது இப்போ எங்கே தொங்குதுன்னு கேளுங்க.

அடுத்த எபிசோட்ல, மழைக்காலத்துல டார்ப் எப்படிக் கட்டுறது, கயிறு வழியா உள்ளே வழியுற தண்ணியை எப்படி நிறுத்துறதுன்னு பேசலாம். கேள்வி இருந்தா எழுதுங்க. அதுவரைக்கும், தொய்வா கட்டுங்க, நிழல்ல படுங்க.